அறுபத்திரண்டாம் விதி

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். என் கண் இரண்டின் மேல் ஆணை. வாயில் மிச்சமிருக்கிற நாலு பல்லின் மேலும் ஆணை. சத்தியம் செய்வது அந்தச் சபையின் பலகையில் பதினேழாம் விதிப்படி குற்றம். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் இல்லை, ஆகவே தாராளமாகச் செய்கிறேன்.

பலகை என்றால் சாதாரணப் பலகை இல்லை. ஆலயத்துக்குள் நுழைந்ததும் இடது கைப்பக்கம், தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரே கறுப்பாக நிற்கும். அதில் வெள்ளைப் பெயிண்டில் அறுபத்தோரு விதிகள். ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக்கூடாது. ஊசியில் நூல் கோர்க்கக்கூடாது. ஆலயத்துக்கு வருவதற்குத் தவிர, வீட்டு வாசலைத் தாண்டி முந்நூறு அடிக்கு மேல் நடக்கக்கூடாது. இரண்டு வகை நூல் கலந்த துணியை உடுத்தக்கூடாது. சாப்பாட்டு மேசையில் சத்தம் போட்டுச் சிரிக்கக்கூடாது. இப்படியே போய் அறுபத்தொன்றில் முடியும்: சபையிலிருந்து விலக்கப்பட்டவரோடு ஒரே மேசையில் சாப்பிடக்கூடாது, அவர் வாசலை மிதிக்கக்கூடாது, அவர் துணியைச் சபையார் துணியோடு ஒரே தண்ணீரில் நனைக்கக்கூடாது.

வருஷத்துக்கு ஒருமுறை எழுத்து மங்காமல் பெயிண்ட் அடிப்பது மூப்பரின் வேலை. மூப்பர் என்றால் சபையில் பாஸ்டருக்கு அடுத்த பெரிய மனிதர். அவருடைய மனைவி சலவைக்கடை வைத்திருந்தாள். எந்தக் கறையைப் பார்த்தாலும் அதன் பிறப்பு வளர்ப்பு எல்லாம் சொல்லிவிடுவாள் என்பதால் ஊரில் அவளுக்குக் கறையம்மா என்று பெயர். ஒருமுறை ஒரு கைக்குட்டையைப் பார்த்துவிட்டு, இதன் சொந்தக்காரர் செவ்வாய்க்கிழமைக்குள் மச்சினனோடு சண்டை போடுவார் என்றாள். சண்டை திங்கட்கிழமையே நடந்துவிட்டது. ஒரு நாள் முந்தியதற்கு அவள் பொறுப்பாக முடியாது.

கடைக்குப் பின்னால் ஒரு பாய்லர், இரண்டு சிமெண்ட் தொட்டி, அதற்கும் பின்னால் கொடி கட்டிய முற்றம். இடது தொட்டி சபையாருக்கு, வலது தொட்டி வெளியாட்களுக்கு. காலையில் பாய்லரைப் பற்றவைத்தால் பிற்பகல் வரை ஆவி, சோப்பு நுரை, கஞ்சி வாசனை. வானம் கறுத்தால் ஓடிப்போய்க் கொடியைக் காலி பண்ண வேண்டும். முப்பது வருஷம் இப்படி ஓடியதில் அவள் மழைக்கு முன்னால் முற்றத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாள். சில நாள் மழைக்குத் தகவல் தெரியாமல் இவள் மட்டும் போய் நிற்பாள்.

பழைய பாஸ்டர் போய்ப் புது பாஸ்டர் வந்தது அப்படியொரு மழை மாதத்தில்தான். பழையவரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவருக்கு ஆட்களைச் சோதிக்கிற பழக்கம் உண்டு. உபவாச நாளில் காகிதத்தில் ஒரு இனிப்பு பன்னைச் சுற்றிக்கொண்டு வீடு வீடாகப் போவார். "பசியா இருப்பீங்க, சாப்பிடுங்க, பரவாயில்ல" என்பார். சாப்பிட்டவர் பெயர் அடுத்த ஆராதனையில் வாசிக்கப்படும். முப்பது வருஷத்தில் அந்தச் சபையார், யாராவது "பரவாயில்ல" என்று சொன்னாலே கதவைச் சாத்திக்கொள்கிற நிலைக்கு வந்திருந்தார்கள்.

புதியவர் ஒரு மெலிந்த மனிதர். குரல் ஈரத்துணி மாதிரி மெத்தென்று இருக்கும். வந்த மூன்றாம் நாள் ஒரு சட்டையோடு கடைக்கு வந்தார்.

"அம்மா, இதைக் கொஞ்சம் துவைச்சுத் தரணும்."

கறையம்மா துணியை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தாள்.

"ஐயா, இது பாதி பருத்தி, பாதி கம்பளி."

"ஆமாம்மா. குளிருக்கு நல்லா இருக்கு."

"இருபத்திமூணாம் விதி படிச்சீங்களா?"

"படிச்சேன். அழகான கையெழுத்து."

"கையெழுத்து எங்க வீட்டுக்காரரோடது. நான் விதியைக் கேட்டேன்."

"அது உங்களைக் கட்டாதும்மா. கிறிஸ்து எல்லாக் கட்டையும் அவிழ்த்து விட்டாச்சு. நாமதான் கயிறு தரையில கிடக்கிறது தெரியாம, இன்னும் கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்கிறோம்."

"எல்லாரையும் அவிழ்த்து விட்டாச்சா?"

"எல்லாரையும்தான்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

கறையம்மா எட்டிப் பார்த்தாள், தெருவில் யாராவது இதை எழுதிக்கொள்கிறார்களா என்று. யாரும் இல்லை. அதுவே அவளுக்குச் சந்தேகத்தைக் கூட்டியது.

அவர் போனதும் சட்டைப் பையைத் திருப்பினாள். பை என்பது அவளுக்கு வாக்குமூலம் மாதிரி. யாரானாலும் ஒரு டிக்கெட், ஒரு பொடி மட்டை, பாதி பொத்தான், ஏதாவது இருக்கும். இதில் ஒன்றும் இல்லை. நூல் பிசிறுகூட இல்லை. "பையில ஒண்ணுமே இல்லாத மனுஷனை எப்படி நம்புறது?" என்று பாய்லரைப் பார்த்துக் கேட்டாள். கலப்புத் துணியை இடது தொட்டியிலும் போட முடியாது, பாஸ்டர் சட்டை என்பதால் வலது தொட்டியிலும் போட முடியாது. கடைசியில் ஒரு வாளியில் தனியாக நனைத்து, தனியாக அலசி, ஆலயத்திலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில் காயப்போட்டாள்.

ஆராதனையிலும் பாஸ்டர் அதையேதான் பேசினார். திட்டவில்லை, மிரட்டவில்லை. "நீங்க நல்லவங்களா இருந்ததால அவர் உங்களை ஏத்துக்கலை. ஏத்துக்கிட்டாச்சு, அதனால பயப்படாம இருங்க" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். ஒருமுறை கறையம்மாவைப் பார்த்தே, "துவைச்சு முடிச்ச சட்டையைப் போட்டுக்கிட்டு யாராவது மறுபடி தொட்டிக்குள்ள போய் உட்காருவாங்களா?" என்றார். நம்ம தொழிலை வைத்தே நம்மை மடக்கப் பார்க்கிறார் என்று அவள் பைபிளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சபையார் எல்லாரும் தலையாட்டினார்கள். வெளியே வந்ததும் ஒருவரையொருவர் பார்த்து ஒரே வார்த்தை சொன்னார்கள்: "சோதனை."

அதன்பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பாஸ்டர் விடுதலை விடுதலை என்று சொல்லச் சொல்ல, ஜனங்கள் விதியை இன்னும் இறுக்கிக்கொண்டார்கள். முந்நூறு அடி நடக்கலாம் என்றிருந்தும் இருநூற்றைம்பதிலேயே நின்றார்கள். ஷூ நாடாவை முடிச்சுப் போடுவதும் வேலைதானே என்று ஓய்வுநாளில் வெறுங்காலோடு வந்தார்கள். கடிகாரக்கடைக்காரரின் கோழி ஓய்வுநாளில் ஒரு முட்டை இட்டுவிட்டது. அவர் அதைக் கூண்டுக்குள் அடைத்து, எதிரே நின்று, ஓய்வுநாளில் வேலை கூடாது என்கிற மூன்றாம் விதியை மூன்றுமுறை வாசித்தார். அடுத்த வாரத்திலிருந்து அந்தக் கோழி முந்தின நாளே இரண்டாக இட்டது. மூன்று மாதத்தில் ஆலயத்தில் உட்கார இடம் இல்லாமல் போயிற்று. யார் வரவில்லை என்று பார்ப்பதற்காகவே எல்லாரும் வந்தார்கள்.

கறையம்மாவின் சந்தேகத்துக்கு வேறொரு காரணம் இருந்தது. இரண்டு தெரு தள்ளி அவளுடைய மகள் குடியிருந்தாள்.

ஒரே மகள். பஸ் டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் சபைக்காரன் இல்லை. அதுகூடப் போகட்டும் என்று விட்டார்கள். ஒரு ஓய்வுநாளில் அவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு டிப்போவுக்கு நடந்துவிட்டாள். முந்நூற்று நாற்பது அடி. கடிகாரக்காரர் கயிறு போட்டு அளந்து வந்து சொன்னார். பெயரை வாசித்து விலக்கியது யார் என்றால், மூப்பர். பெற்ற அப்பா. வாசித்துவிட்டு இறங்கி வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவருக்குத் தொண்டையில் ஒரு கரகரப்பு வந்தது; எந்தக் கஷாயத்துக்கும் போகவில்லை.

மூன்று வருஷம் ஆயிற்று. இதற்கிடையில் மகளுக்குக் குழந்தை பிறந்தது. கறையம்மா அதைப் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் குழந்தையைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. டிரைவர் எந்தக் காலத்திலும் சபையில் இல்லாததால் அவனை யாரும் விலக்கவில்லை. அவனுடைய காக்கிச் சட்டைகள் மற்ற வெளியாட்கள் துணியோடு சட்டப்படி வலது தொட்டிக்கு வந்தன. கண்டக்டர் கொண்டுவந்து போடுவான். முதலில் இடது தோளில் பால் கறை. பிறகு எச்சில் கறை. பல் முளைக்கிறது என்று புரிந்துகொண்டாள். ஒருநாள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு திட்டு. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தாள். மசித்த கேரட். அந்தச் சட்டையை அன்று அவள் கடைசியாகத்தான் தண்ணீரில் போட்டாள்.

இப்போது இந்தப் பாஸ்டர் மூன்று மாதமாக, போகலாம், பார்க்கலாம், சாப்பிடலாம் என்கிறார். யாரைக் குறிவைத்துச் சொல்கிறார்? சபையில் விலக்கப்பட்ட மகள் வேறு யாருக்கு இருக்கிறாள்?

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கண்டக்டர் ஆறு காக்கிச் சட்டையையும் மொத்தமாகக் கொண்டுவந்து போட்டான்.

"என்னப்பா, எல்லாத்தையும் ஒரேயடியா?"

"அண்ணனுக்கு மாத்தலாகிடுச்சும்மா. ரொம்ப தூரம். வர்ற வியாழக்கிழமை குடும்பத்தோட கிளம்புறாங்க. புதன்கிழமைக்குள்ள கொடுத்துடுங்க."

அவள் ஆறு சட்டையின் தோளையும் பார்த்தாள். ஆறிலும் கறை இருந்தது. இனி இந்தத் தொட்டிக்கு அந்தக் கறை வராது.

அன்று மத்தியானம் மேசையில் ரொட்டியும் உருளைக்கிழங்குக் குழம்பும். மூப்பர் ஜெபம் முடித்து முதல் துண்டைப் பிட்டார்.

"என்னங்க, அவங்க வியாழக்கிழமை போறாங்களாம்."

"யாரு?"

"யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியாது. அறுபத்தொண்ணுப்படி பேர் சொல்லக்கூடாது."

"சாப்பிடக்கூடாது, வாசல் மிதிக்கக்கூடாது, துணி நனைக்கக்கூடாது. அவ்வளவுதான் இருக்கு. பேர் சொல்லக்கூடாதுன்னு நீங்களா சேர்த்துக்கிட்டீங்க. எழுதின ஆளுக்கே தெரியலையா?"

மூப்பர் உருளைக்கிழங்கை நசுக்கினார். அது ஏற்கனவே நசுங்கித்தான் இருந்தது.

"குழந்தை கேரட் சாப்பிடுது" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தோள்ல இருக்கு."

அவர் இன்னொரு துண்டைப் பிட்டார். "எந்தத் தோள்?"

"இடது."

"அவளும் சின்னதுல இடது தோள்லதான் தூங்குவா" என்று சொல்லிவிட்டு, சொன்னது யார் என்பதுபோல் திரும்பிப் பார்த்தார்.

"பாஸ்டர் போகலாம்ங்கிறாரே."

"அதுதானே சந்தேகம்! பழையவர் பன்னை நீட்டினார். இவர் மகளை நீட்டுறார். எனக்கென்னமோ தலைமைச் சபையில இருந்து ஆழம் பார்க்க அனுப்பியிருக்காங்கன்னு தோணுது. நீ போய் உட்கார்ந்து ஒரு வாய் தின்னுட்டா, அடுத்த வாரம் உன் பேரையும் நான்தான் வாசிக்கணும். என்னால இன்னொரு தடவை முடியாது, ஆமா."

அடுத்த நாள் சனிக்கிழமை, ஓய்வுநாள் ஆராதனை. பாஸ்டர் அன்று என்றைக்கும் இல்லாத அளவு கெஞ்சினார். "உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். பயத்தை விட்டுட்டு வாங்க. அன்பு செய்யுங்க, அது போதும்" என்றார். கடிகாரக்காரர் எழுந்து நின்றார்.

"ஐயா, ஒரு சந்தேகம். நீங்க சொல்றது கட்டளையா, வேண்டுகோளா?"

"வேண்டுகோள்தான், தம்பி."

"அங்கதான் கஷ்டமா இருக்கு. கட்டளைன்னா மீறினோமா இல்லையான்னு தெரியும். வேண்டுகோளை எப்படி மீறாம இருக்கிறது?"

சபை முழுக்க, அப்படிக் கேள் என்று முணுமுணுத்தது. உடனே கூட்டம் கூடியது. முக்கால் மணி நேரம் பேசினார்கள். முடிவில் ஒருமனதாகப் பலகையில் புது விதி சேர்த்தார்கள். பொழுது சாய்ந்து ஓய்வுநாள் முடிந்ததும் மூப்பர் ஏணி போட்டு ஏறி, கடைசியில் இடம் இல்லாததால் உச்சியில், முதல் விதிக்கும் மேலே எழுதினார்: 'அறுபத்திரண்டு. சபையார் ஒவ்வொருவரும் விடுதலையாய் இருக்கக்கடவர். மீறுகிறவர் விலக்கப்படுவார்.'

பாஸ்டர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பாதிப் பேரும் சிரிக்கிறார் என்று பாதிப் பேரும் சொன்னார்கள்.

மேற்பார்வைக்குக் கடிகாரக்காரரைப் போட்டார்கள். மறுநாளே நோட்டுப் புத்தகத்தோடு கிளம்பிவிட்டார். ஒவ்வொரு வீட்டிலும் வாரத்துக்கு ஒரு விடுதலை, அவர் கண்முன் நடக்க வேண்டும். ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துக் காட்டினார்கள். பெண்டாட்டி சிரிப்பு போதாது என்று கடிகாரக்காரர் திருப்பிச் சிரிக்கச் சொன்னார். இன்னொரு வீட்டில் ஒருவர் கலப்புத் துணியைக் கால்மணி நேரம் போர்த்திக்கொண்டு, நேரம் ஆயிற்றா ஆயிற்றா என்று கேட்டார். கோழிக் கூண்டையும் கடிகாரக்காரர் திறந்துவிட்டார். கோழி வெளியே வரவில்லை. அதை மீறல் என்று எழுதிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சலவைக்கடைக்கு வந்தார்.

"அக்கா, உங்க பேருக்கு நேரா ஒண்ணும் இல்லையே. மூப்பர் வீடே இப்படி இருந்தா எப்படி?"

"துணி நனையுது. அப்புறம் வாங்க."

"எதுக்குக் கஷ்டப்படுறீங்க? மக வீட்டுக்கு ஒரு நடை போய்ட்டு வாங்க. அறுபத்திரண்டு வந்து அறுபத்தொண்ணை அடிச்சிடுச்சு. பெரிய விடுதலை, ஒண்ணு போட்டா ஒரு மாசத்துக்குத் தாங்கும். நானும் கூட வரேன், வாசல்ல நின்னு எழுதிக்கிறேன்."

மூன்று வருஷமாக எந்தக் கதவு திறக்கட்டும் என்று அவள் காத்திருந்தாளோ, அந்தக் கதவை இந்த ஆள் நோட்டோடு திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். நுரைக் கையை அவர் நோட்டின் மேல் உதறினாள். எழுதியிருந்த சிரிப்பெல்லாம் கலைந்துபோயிற்று.

"முந்நூற்று நாற்பது அடின்னு கயிறு போட்டு அளந்த கைதானே இது? போயிடுங்க."

புதன்கிழமை காலையிலிருந்து மழை. காக்கிச் சட்டைகள் பாய்லர் சூட்டில் காய்ந்தன. ஐந்தாவதுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போது பாஸ்டர் அந்த வாரச் சட்டைக்காக வந்து நின்றார்.

"உட்காருங்க ஐயா. நேரா கேக்குறேன். உங்களுக்கு என்னதான் வேணும்?"

"ஒண்ணும் வேணாம்மா."

"அதுதான் எனக்குப் பயமா இருக்கு. கேக்குறவனைச் சமாளிச்சுடலாம்."

அவர் சிரித்தார். "மகளைப் பார்க்கணும்னு இருக்கா?"

"மூணு வருஷமா இருக்கு."

"இப்பதான் விதியே வந்தாச்சே."

"விதி சொல்லிப் போனா அது விதிக்காகப் போன மாதிரி. அவ கதவைத் திறந்து, எதுக்கும்மா வந்தேன்னு கேட்டா, அறுபத்திரண்டுக்குன்னா சொல்றது? அவ மூஞ்சில காறித் துப்பின மாதிரி இல்ல இருக்கும்? போகலைன்னா விலக்குறாங்க, போனா நோட்டுல எழுதுறாங்க. நல்லா அவிழ்த்து விட்டீங்க ஐயா எங்களை!"

பாஸ்டர் அதே மெத்தென்ற குரலில், "அப்போ போகாதீங்கம்மா" என்றார்.

இஸ்திரிப் பெட்டி நின்றது.

"என்னது?"

"போகாம இருக்கவும் உங்களுக்கு விடுதலை உண்டு. அதுக்காக அவர் உங்களைத் தள்ளிட மாட்டார். போனாலும் பிள்ளைதான், போகலைன்னாலும் பிள்ளைதான்."

"போகாதேன்னு சொல்ல நீங்க யாரு?"

"யாருமில்லம்மா."

"பெத்தவ நான்! போன்னு சொல்ல ஒருத்தர், போகாதேன்னு சொல்ல ஒருத்தர், நடுவுல அளக்க ஒருத்தர்! என் மகளைப் பார்க்க நான் யாரைக் கேக்கணும்?"

"யாரையும் இல்ல" என்றார் பாஸ்டர்.

அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ஆறாவது சட்டையை நாலு இழுப்பில் முடித்து, எல்லாவற்றையும் மடித்துப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டு மழையில் இறங்கினாள். முப்பது வருஷத்தில் முதல்முறையாக, மழையில் அவள் ஓடியது கொடியை நோக்கி இல்லை. தெருமுனையில் கடிகாரக்காரர் குடையை விரித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"அக்கா, நில்லுங்க, தேதி போட்டுக்கிறேன்."

"இது உங்க நோட்டுல வந்துச்சுன்னா, நோட்டும் நீங்களும் பாய்லருக்குள்ள. விடுதலையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. என் மகளைப் பார்க்கப் போறேன்."

கடிகாரக்காரர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். அவருக்கு இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று புரியவில்லை.

மகள் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"துணி."

கதவு கால்வாசி திறந்தது. இடுப்பில் குழந்தையோடு மகள். பின்னால் கயிறு போட்ட பெட்டிகள். அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு அனுப்பினா? அப்பாவா, பாஸ்டரா? இல்ல அந்தப் புது விதியா? ஊரெல்லாம் பேசிச் சிரிக்குது."

"யாரும் அனுப்பல."

"இந்த வாரத்துக்கு உனக்கு ஒண்ணு குறையுதா?"

"குறையுதுடி. மூணு வருஷமா."

மகளின் பார்வை மாறவில்லை. சந்தேகம் அந்தக் குடும்பத்துச் சொத்து. "சரி, சாப்பிட உட்காரப் போறோம். உட்காருவியா?" என்றாள்.

ரொட்டி, வேகவைத்த முட்டை, ஒரு கிண்ணத்தில் சூப். கறையம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆயிரக்கணக்கான சட்டைக்குச் சுருக்கம் எடுத்த கையால் ரொட்டியைப் பிட்டாள். வாயில் வைத்தாள். மென்றாள். விழுங்கினாள். மகள் அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையைத் தூக்கி அம்மா மடியில் வைத்தாள். அது பாட்டியின் மூக்கைப் பிடித்து, கழன்று வருமா என்று இழுத்துப் பார்த்தது.

"பேரு என்னடி?"

"மூணு வருஷத்துல இப்பதான் கேக்குற."

"அது ஒண்ணுதான் சட்டையில தெரியல."

மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அப்போது வாசலில் ஒரு இருமல் கேட்டது. மூப்பர். ஒரு கால் வாசல்படிக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. வெளியே இருந்த பாதி முழுக்க நனைந்திருந்தது.

"கடை திறந்து கிடக்குதுன்னு சொன்னாங்க. மேற்பார்வைக்கு வந்தேன்" என்றார்.

"உள்ள வாங்கப்பா, மழை."

"இது எந்த விதியில வருது?" என்று மனைவியைக் கேட்டார்.

"எதுலயும் வரலைங்க. சூப்புல உப்பு கொஞ்சம் கம்மி. உட்காருங்க."

மூப்பர் வெளியே இருந்த காலைப் பார்த்தார். உள்ளே இருந்த காலைப் பார்த்தார். எந்தக் கால் முதலில் அசைந்தது என்று பிற்பாடு அவர்களுக்குள் வாக்குவாதம் வந்தது. மூன்று முட்டை சாப்பிட்டார். குழந்தை நாலாவதை எடுத்து அவர் வழுக்கையில் வைத்து உருட்டியபோது, சாப்பாட்டு மேசை என்பதை மறந்து, பக்கத்து வீட்டில் கேட்கிற அளவுக்குச் சிரித்தார். தொண்டைக் கரகரப்பு அந்தச் சிரிப்போடு போயிற்று.

வியாழக்கிழமை பஸ் புறப்படும்போது பாஸ்டர் டிப்போவில் நின்று கையசைத்ததைக் கண்டக்டர், கறையம்மா, மூப்பர், கடிகாரக்காரர் நாலு பேரும் பார்த்திருக்கிறார்கள்.

தலைமைச் சபையின் பதிவேட்டில், அந்த வருஷம் முழுவதும் அந்த ஆலயத்துக்குப் பாஸ்டர் யாரும் அனுப்பப்படவில்லை என்று எழுதியிருக்கிறது.